கிருஷ்ணகிரியிலிருந்து அல்சூருக்கு: பழைய வேனில் ஒரு துக்கப் பயணம்

பழைய வேனில் கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் போய்வரலாமா, ரோடு எப்படி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் ஒரு தொல்லை விட்டது என்று உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் போனது லால்பாக்கில் பூ பார்க்க அல்ல. சாவுக்குப் போனேன். அதனால் வழியில் எந்த ஓட்டலில் தோசை நன்றாக இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் அது. விஜயதசமி அன்று காலை ஒன்பது மணிக்குத் தந்தி வந்தது. என் மனைவி கமலாவின் அக்கா ருக்மணி, பெங்களூர் அல்சூரில் இருந்தவள், காலமாகிவிட்டாள். நாலு மணிக்கு எடுக்கிறோம், உடனே வரவும் என்று என் சகலை கொடுத்திருந்தார். ருக்மணி அக்காவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்று எங்களுக்குத் தெரியும். நவராத்திரிக்கு வந்து கொலுவைப் பார்த்துவிட்டுப் போ என்று தங்கைக்குச் சொல்லியனுப்பியிருந்தாள். பூஜை முடிந்ததும் வருகிறோம் என்று நாங்களும் சொல்லியனுப்பியிருந்தோம். காய்ச்சலில் யாராவது சாவார்கள் என்று நினைப்போமா.

கமலாவுக்குத் தாய் இல்லை. எட்டு வயதிலிருந்து அவளை வளர்த்தவள் இந்த அக்காதான். தந்தியை நான் படித்துச் சொன்னதும் அவள் அழவில்லை. அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தாள். வேறு புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். "நாலு மணிக்குள்ள போயிடலாமாங்க? முகத்த மட்டும் பாத்தாப் போதும்" என்றாள். ஐம்பத்தாறு மைல். என் வேன் மணிக்கு இருபது மைல் தாராளமாகப் போகும். ஒரு மணிக்கெல்லாம் அங்கே இருப்போம் என்று வாக்குக் கொடுத்தேன். பண்டிகை என்று அன்றைக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ் கிடையாது. ஓசூருக்கு வந்துகொண்டிருந்த குட்டி ரயிலையும் யுத்தத்தின்போது நிறுத்தி, தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். வேனை விட்டால் வேறு கதி இல்லை.

இனி வேனைப் பற்றி. நான் ஜவுளி வியாபாரி. சந்தை சந்தையாகத் துணி மூட்டை கொண்டுபோக வாங்கிய அமெரிக்க வண்டி இது. வாங்கும்போதே கிழம். ஆறு வோல்ட் பேட்டரி, டிரைவர் காலடியில் பலகைக்குக் கீழே இருக்கும். என்ஜினில் எனக்கு ஒரு குறையும் சொல்லத் தோன்றாது. ஆனால் ஒயர் எல்லாம் எலி கடித்து, துணி சுற்றி, தார் பூசி, கோயில் மரத்தில் கட்டின கயிறு மாதிரி இருக்கும். மெக்கானிக்கிடம் விட்டால் ஒன்றைச் சரி செய்து இரண்டைக் கெடுப்பான் என்று, கரண்ட் வேலை முழுவதையும் நானே கற்றுக்கொண்டேன். அந்தத் திமிரும் கொஞ்சம் உண்டு என்று கமலா சொல்வாள்.

முந்தின நாள் ஆயுத பூஜை. எங்கள் தெருவில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் செய்கிற மாதிரியே நானும் பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வேனை நன்றாகக் கழுவினேன். ஸ்பானர், ஜாக்கி, கஜக்கோல், கத்தரிக்கோல், தராசு எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பலகையில் வரிசையாக வைத்தோம். பேட்டரியையும் பக்கத்தில் வைத்தோம். கமலா சந்தனத்தில் கொஞ்சம் மஞ்சளைச் சேர்த்துக் கெட்டியாகக் குழைத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை செய்த பிறகுதான் எடுக்கவேண்டும். வைத்த சந்தனத்தைத் துடைக்கக்கூடாது. தந்தி வந்ததும் அவசரமாக ஒரு கற்பூரத்தைக் காட்டிவிட்டு, பேட்டரியைத் தூக்கி வைத்து, கிளாம்புகளைப் போட்டு முடுக்கினேன். செல்ஃபை அமுக்கினதும் என்ஜின் எடுத்தது. பத்து மணிக்குக் கிளம்பிவிட்டோம்.

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வரை ரோடு பரவாயில்லை. புளிய மரங்கள் இரண்டு பக்கமும் உண்டு, வெயில் தெரியாது. சூளகிரிக்கு முன்னால் ஒரு மாட்டு மந்தை குறுக்கே வந்தது. ஹாரனை அமுக்கினேன். தொண்டை கட்டினவன் பேசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். மாடுகளுக்காக வேகத்தைக் குறைத்ததும் என்ஜினும் நின்றுவிட்டது. செல்ஃபை அமுக்கினால் டக் என்று ஒரு சத்தம். வேறு ஒன்றும் இல்லை. வண்டிக்கு முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினேன். நாலாவது சுற்றில் எடுத்தது.

ஓடும்போது ஆம்பியர் மீட்டர் முள் பைத்தியம் பிடித்த மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. டைனமோவிலிருந்து கரண்ட் வருகிறது, பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லை. அப்படியானால் நடுவில் கரண்டைத் திறந்து மூடுகிற கட்-அவுட் டப்பாதான் காரணம் என்று முடிவு கட்டினேன். ரோட்டோரம் நிறுத்தி, கட்-அவுட் மூடியைக் கழற்றி, உள்ளே கறுத்திருந்த இடங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். கமலா இறங்கவில்லை. மடியில் ஒரு வாழை இலைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதில் மல்லிகைப் பூ. பூஜைக்கு வாங்கினதில் மீதி.

"அக்காவுக்குக் கனகாம்பரம் புடிக்காது. மல்லிதான்" என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்குள் சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை.

ஓசூரில் பெட்ரோல் போட வேண்டியிருந்தது. கூப்பன் காலம், கூப்பனைக் கொடுத்து இரண்டு காலன் போட்டுக்கொண்டேன், காலன் ஏறக்குறைய இரண்டு ரூபாய். போகிறவர்கள் பண்டிகை நாளில் பங்க்கு ஆள் சாப்பிடப் போயிருப்பான் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவனைத் தேடிப் பிடிக்கவே அரை மணி ஆனது. பெட்ரோல் போட்ட பிறகு ஹாண்டில் அடித்தும் வண்டி எடுக்கவில்லை. இந்தத் தடவை பிளக்கில் பொறி விழ வைக்கிற பிளாட்டினம் பாயிண்டைச் சந்தேகப்பட்டேன். கைவசம் ஒரு பழைய ஜோடி இருந்தது. மாற்றினேன். கண்டென்சரையும் மாற்றினேன். காலடிப் பலகையைத் தூக்கிப் பேட்டரி கிளாம்பு இரண்டையும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவே இல்லை, பாறை மாதிரி இருந்தது. அங்கே ஒன்றும் இல்லை என்று பலகையை மூடிவிட்டேன். இரண்டு பேர் தள்ளினதும் எடுத்தது.

மணி ஒன்றாகிவிட்டது. கமலா கேட்டாள்: "இன்னும் எவ்ளோ தூரங்க?"

"இருபத்தஞ்சு மைல். ரெண்டரைக்குப் போயிடலாம்."

"அவங்க நமக்காகக் கொஞ்சம் பொறுப்பாங்க இல்ல?"

"உன்ன விட்டுட்டு எடுப்பாங்களா? நீ அவளுக்குப் பொண்ணு மாதிரி" என்றேன். அதைக் கேட்டு அவள் தலையை ஆட்டினாள்.

அத்திப்பள்ளியில் மைசூர் சமஸ்தானத்து எல்லை. கேட்டில் வண்டியை நிறுத்தித்தான் ஆகவேண்டும். சுங்கம் நாலணா, துணி மூட்டை இருந்தால் தனிப் பஞ்சாயத்து. நிறுத்தினால் மறுபடி எடுக்காதே என்று பயந்து என்ஜினை அலற விட்டுக்கொண்டே நின்றேன். கேட்டுக்காரனுக்குக் கோபம். "ஆஃப் மாடி, ஆஃப் மாடி" என்று கத்தினான். சாவுக்குப் போகிறோம் என்று கன்னடத்தில் சொன்னேன். வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். கமலாவின் முகத்தைப் பார்த்ததும் காசுகூட வாங்காமல் குறுக்கே போட்டிருந்த மூங்கிலைத் தூக்கிவிட்டான்.

சந்தாபுரம் தாண்டி, ஹெப்பகோடி ஏரிக்கு முன்னால் ரோடு கொஞ்சம் மேடாக ஏறும். அந்த மேட்டில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. அவ்வளவுதான். விளக்கை ஊதி அணைத்த மாதிரி என்ஜின் நின்றது. ஹாண்டிலைச் சுற்றிச் சுற்றி என் தோள்பட்டை கழன்றுவிட்டது. ஒரு இருமல்கூட இல்லை. புல் ஏற்றிக்கொண்டு வந்த வண்டிக்காரர் மாட்டை நிறுத்தி, "ஏனாய்த்து சாமி?" என்று கேட்டார். என்ன ஆயிற்று என்று தெரிந்தால் நான் ஏன் அங்கே நிற்கிறேன். ஆனாலும் நல்ல மனிதர். ஏரிக்கரையில் இருந்த இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டு வந்தார். "நூக்ரி, நூக்ரி" என்று எல்லாரும் சேர்ந்து ஒரு ஃபர்லாங்கு தள்ளினார்கள். எடுக்கவில்லை. பெங்களூர்ப் பக்கம் போன லாரி ஒன்றைக் கையைக் காட்டி நிறுத்தப் பார்த்தோம். அது மாவிலையும் வாழைக் கன்றும் கட்டிக்கொண்டு நிற்காமல் போய்விட்டது.

மூன்று மணி. பிளக்குக்குக் கரண்ட் அனுப்புகிற காயிலைக் கழற்றினேன், மாட்டினேன். ஏற்கெனவே தேய்த்த கட்-அவுட்டைத் திரும்பவும் தேய்த்தேன். பதற்றத்தில் செய்கிற வேலை எல்லாம் இப்படித்தான் இருக்கும், செய்ததையே திரும்பச் செய்துகொண்டிருப்போம். கமலா இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் பாருங்க" என்றாள். வண்டிக்காரர் தன் சுரைக்குடுக்கையைக் கொடுத்தார். குடித்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஒரு சின்ன பல்பில் இரண்டு ஒயரைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு ஒயரை வண்டியின் இரும்பில் வைத்து, இன்னொன்றைக் காயிலில் தொட்டால் பல்பு எரிய வேண்டும். எனக்கு மின்மினிப் பூச்சி மாதிரி எரிந்தது. அப்படியே பின்னோக்கி, ஆம்பியர் மீட்டர், செல்ஃப் என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டு வந்தேன். எல்லா இடத்திலும் மின்மினிதான். கடைசியில் இரண்டு ஒயரையும் பேட்டரி கிளாம்பு இரண்டிலும் வைத்தேன். அங்கேயும் மங்கல். கிளாம்பிலிருந்து விரலளவு நகர்த்தி, அது கவ்விக்கொண்டிருக்கிற டெர்மினலின் ஈயத்து மேலேயே வைத்தேன். பளிச்சென்று எரிந்தது.

பேட்டரி நன்றாக இருக்கிறது. கிளாம்பும் இறுக்கமாக இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் எதுவோ இருக்கிறது. செல்ஃபை ஒரு தரம் அமுக்கிவிட்டுக் கிளாம்பைத் தொட்டுப் பார்த்தேன். கையை வைக்க முடியாத சூடு. நட்டைத் தளர்த்தித் தூக்கினேன். ஈயத்தைச் சுற்றிக் கெட்டியாக, மஞ்சளாக, சுட்ட மண் மாதிரி ஒரு பூச்சு. நகத்தால் சுரண்டினதும் பொடிப் பொடியாக உதிர்ந்தது. சந்தன வாசனை வந்தது.

கெட்டியாக வைத்ததால் காலையில் உள்ளே இன்னும் ஈரமாக இருந்தபோது கிளாம்பு அதைப் பிதுக்கிக்கொண்டு ஈயத்தை எப்படியோ தொட்டிருக்கிறது. என்ஜின் சூட்டில் அது காய்ந்து, கரண்டுக்குச் சுவர் எழுப்பிவிட்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன். கமலா என் தோளுக்குப் பின்னால் நின்று அந்த மஞ்சள் பொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வச்சதா?" என்றாள்.

பேனாக்கத்தியை எடுத்து இரண்டு டெர்மினலையும் சுரண்டினேன். உப்புத்தாளால் ஈயம் வெள்ளி மாதிரி தெரியும் வரை தேய்த்தேன். கிளாம்பின் உள்பக்கத்தையும் தேய்த்தேன். போட்டு முடுக்கி, செல்ஃபை அமுக்கினேன். முதல் அமுக்கிலேயே எடுத்தது. வண்டிக்காரரும் மற்றவர்களும் கை தட்டினார்கள். பாவம், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மணி நாலாக இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

ஹெப்பகோடியிலிருந்து பெங்களூர் பன்னிரண்டு பதின்மூன்று மைல். பொம்மனஹள்ளி வரை வயலும் தோப்பும்தான். மடிவாளம் ஏரி தாண்டினதும் கூட்டம் தொடங்கிவிட்டது. விஜயதசமி இல்லையா. ஜட்கா, சைக்கிள், பஸ், மிலிட்டரி லாரி, எதை எடுத்தாலும் வாழைக் கன்றும் சாமந்தி மாலையும். ரோடு நெடுக உடைத்த பூசணிக்காய், நசுங்கின எலுமிச்சம்பழம். எதிரே வந்த ஒவ்வொரு வண்டியின் நெற்றியிலும் மூன்று பட்டையாகச் சந்தனமும் நடுவில் குங்குமமும். அந்த வண்டிகள் எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன.

அவள் மனசுக்குச் சமாதானமாக இருக்கட்டும் என்று, "பாரு, ஊர்ல எல்லா வண்டியிலயும்தான் வச்சிருக்காங்க" என்றேன்.

"அவங்களுக்கெல்லாம் இன்னிக்குத் தந்தி வரலையே" என்றாள்.

ஓசூர் ரோடு முடிகிற இடத்திலிருந்து ரிச்மண்ட் டவுன் வழியாகத் திரும்பி, டிரினிட்டி சர்ச்சைச் சுற்றி அல்சூருக்குள் நுழைந்தோம். வழி தெரியாதவர்கள் சர்ச்சைக் கேட்டுக்கொண்டு போனால் போதும், அங்கிருந்து இறக்கத்தில் போனால் அல்சூர் கடைத்தெரு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி.

வாசல் ஈரமாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எடுத்த பிறகுதான் வீட்டைக் கழுவுவார்கள். உள்ளே கூடத்தில் கொலுப் படிகள் அப்படியே இருந்தன. மேலே ஒரு வெள்ளை வேட்டியைப் போட்டு மூடியிருந்தார்கள். சகலையின் அக்கா கோகிலாம்மாள், அந்த வீட்டிலேயே இருக்கிற விதவை, துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து கமலாவைக் கட்டிக்கொண்டாள்.

"எத்தினி நேரம்தான் வச்சிருக்கறது ம்மா. நாலரை வரிக்கும் உனக்காகத்தான் வச்சிருந்தோம். பொழுது சாயறதுக்குள்ள ஆகணும்னு பெரியவங்க ஜல்தி பண்ணிட்டாங்க. இப்பதான், இப்பதான் தெரு முனை தாண்டினாங்க."

கமலா பூப் பொட்டலத்தோடு தெரு முனைக்கு ஓடினாள். ரோட்டில் பொரியும் சில்லறையும் சிந்திக் கிடந்தன. தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. கோகிலாம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் பின்னாலேயே ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் அந்த முனையோடு நின்றுவிட வேண்டும். சுடுகாட்டுக்குப் போவது வழக்கமில்லை. நான் வேனைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் நிறுத்தினேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நீ ஏறு. எவன் என்ன சொல்றான்னு பாக்கறேன்" என்றேன்.

அவள் ஃபுட்போர்டில் காலை வைத்துவிட்டாள். கோகிலாம்மாள் அவளைப் பிடித்து இழுக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்: "நீ போனா உன்ன யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க கமலா. ஆனா வீட்ல ரெண்டு பொண்ணுங்க கல்யாணத்துக்கு நிக்குது. இவங்க சித்தி மயானத்துக்கே போனவன்னு பேச்சு வரும். அதுங்களுக்கு இனிமே கேக்க யாரு இருக்கா சொல்லு."

அக்காவின் பெண்கள் இருவரும் ஈரத் தலையோடு வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கமலா அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். காலை எடுத்துக்கொண்டாள். பொட்டலத்தை என் மடியில் வைத்தாள்.

"நீங்க போங்க. நல்லாப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லணும்."

சுடுகாடு ஏரிக்கு அந்தப் பக்கம், ஒரு மைலுக்குள்தான். பண்டிகைக் கூட்டத்தில் ஊர்ந்து நான் போய்ச் சேர்ந்தபோது வறட்டி அடுக்கிவிட்டார்கள். முகத்தை மட்டும் மூடாமல் விட்டிருந்தார்கள். சகலை என்னைப் பார்த்ததும், "கமலா வந்தாளா?" என்று கேட்டார். வந்துவிட்டாள், வீட்டில் இருக்கிறாள் என்றேன். அவர் வெட்டியானிடம் ஒரு நிமிஷம் பொறுக்கச் சொன்னார். நான் மல்லிகையைத் தலைமாட்டில் வைத்தேன். பிறகு குனிந்து பார்த்தேன். ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த மாதிரியே நெற்றி, புருவம், மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மனசில் எழுதிக்கொண்டேன். இடது கண் முழுசாக மூடவில்லை. ஒரு கோடு மாதிரி வெள்ளை தெரிந்தது.

கண் திறந்திருந்தால் யாருக்காகவோ காத்திருந்து போன உயிர் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். கமலாவுக்கு இருக்கிறது.

திரும்பி வந்து, பின்கட்டுக் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். ஈர வேட்டியோடு நான் நிற்கும்போதே அவள் வந்து துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க."

"முகம் பூரா மஞ்சள் பூசியிருந்தாங்க. நல்லா இருந்துச்சு. தூங்கற மாதிரிதான்."

"பொட்டு?"

"பெருசா. காலணா அகலத்துக்கு."

"எளச்சிருந்தாளா?"

"கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்துச்சு. மூணு நாள் காய்ச்சல் இல்ல."

"மூக்குத்தி?"

"இருந்துச்சு. ரெண்டு பக்கமும்."

"பூ?"

"நீ குடுத்தத நானே தலைமாட்டுல வச்சேன்."

பிறகு கேட்டாள்: "கண்ணு மூடியிருந்துச்சா?"

"மூடியிருந்துச்சு" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று முழுவதும் அழாதவள், அக்காவின் பெண்கள் நடுவில் உட்கார்ந்து அப்போதுதான் அழத் தொடங்கினாள். நான் அதைக் கேட்டுக்கொண்டு குழாயடியிலேயே நின்றேன்.

மறுநாள் பால் தெளித்து முடித்தோம். அதற்கடுத்த நாள் காலை ஆறரைக்கு அல்சூரிலிருந்து கிளம்பினோம். இந்தப் பயணத்தை யோசிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காலையில் சீக்கிரம் கிளம்பினால் மடிவாளம் வரை ரோடு காலியாக இருக்கும். தண்ணீருக்கு ஹெப்பகோடி ஏரியை நம்பலாம், ஓசூர்ப் பங்க்கை நம்பவேண்டாம். பண்டிகை நாளில் எதையும் நம்பவேண்டாம். ஒரு பல்பும் இரண்டு முழம் ஒயரும் துண்டு உப்புத்தாளும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். கரண்ட் கோளாறு என்றால் டைனமோவிலிருந்து தொடங்காதீர்கள், பேட்டரியின் ஈயத்திலிருந்து தொடங்குங்கள். கிளாம்பு இறுக்கமாக இருப்பதும் அது ஈயத்தைத் தொடுவதும் ஒன்று அல்ல. பூஜைக்குப் பொட்டு வைக்காதே என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டில் சொல்லவும் முடியாது. பேட்டரிப் பெட்டியின் மேல் வைத்துக்கொள்ளுங்கள், டெர்மினலை விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும்விட, உடம்பு சரியில்லாதவர் கூப்பிட்டால் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். பூஜை எங்கும் ஓடிப்போகாது.

திரும்பும் வழியில் ஹெப்பகோடி மேட்டில் ஏறும்போது கமலா பேசினாள். அதுவரை அவள் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கோகிலாம்மா சொன்னாங்க" என்றாள். "குளிப்பாட்டும்போது ஒரு கண்ணு மட்டும் மூடவே இல்லியாம். மூடி மூடி விட்டாங்களாம். நிக்கலையாம்."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கோபித்துக்கொள்வாள், ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"நீங்க மூடியிருந்துச்சுன்னுதான சொன்னீங்க?"

"ஆமா."

"இன்னொரு தரம் சொல்லுங்க."

"மூடியிருந்துச்சு கமலா."

அத்திப்பள்ளி கேட் வரும் வரை அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். கேட்டபோதெல்லாம் சொன்னேன்.